விறைத்த கோலும் நெகிழ்ந்த கோலும்

இங்கிலாந்தின் பிளாக்டன் ஏரியில் 1904 முதல் டிரவுட் மீனுக்குச் செயற்கை ஈ கட்டித் தூண்டில் வீசுகின்றனர். அத்தகைய நிலைநீருக்குக் கோல் தேர்வோர் இன்று விறைத்த கோலையே நாடுகின்றனர். நமக்கு இதில் உடன்பாடில்லை.

10 அடி நீளம், 7-ஆம் எண், நடுத்தர வளைவு: இவை போதும் என்போம். ஈக்கு எடையில்லை, கயிற்றின் எடையே அதனைச் சுமந்து செல்கிறது. ஆகவே கோலும் கயிறும் ஒரே எண்ணாதல் வேண்டும். நீளமோ பின்வீச்சைக் கரைப்புதருக்கு மேலே உயர்த்தும்.

காற்றை எதிர்த்து வீச விறைப்பு உதவும் என்பது மெய்யே. ஆனால் விடியலில் மீன் பெரும்பாலும் கரையோரத்தில் அன்றோ மேய்கிறது! வீசுவோர் அதன் தலைக்கு மேலாக 30 கெஜம் எறிந்து பெருமிதம் கொள்கின்றனர். மீன் வெடுக்கென இழுக்கையில் மெல்லிய நரம்பைக் காப்பது கோலின் நெகிழ்வே. நரம்பறுந்தால் வாயில் முள்ளோடு திரிவது மீன், நாமல்லோம்.

கடையில் வெறுங்கோலை ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. கயிறு கோத்துப் புல்வெளியில் வீசிப் பார்த்தே வாங்குக.