ஏரிக்கரையில் ஒரு வகுப்பு



1996-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது முதல், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது. பின்னர் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் இயந்திரங்களை இயக்கக் கற்றார்கள். பல வீடுகளில் அடுப்பெரிவதற்கு அந்த ஊதியமே காரணம். இந்நன்மையை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும், தொழிற்சாலைப் பேருந்தின் சன்னலுக்கு வெளியே ஓர் ஏரி நாள்தோறும் கடந்து செல்கிறதே, அதன் பெயர் என்னவென்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அதில் நிற்கும் பறவைகளின் பெயர்களைக் கேளுங்கள். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காகம் என்பதோடு பலருக்கும் பாடம் முடிந்துவிடும். இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் வினவலாம். நட்டம் உண்டு. பெயர் அறியாத ஒன்று மறைந்து போனால், அது மறைந்தது என்பதையே நாம் அறிவதில்லை. அறியாத இழப்பிற்காக யார் குரல் எழுப்புவார்?

இதற்கு நேர்மாறான சான்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. செங்கற்பட்டைக் கடந்து, மதுராந்தகம் வட்டத்தில் அமைந்துள்ளது வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரிதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, அவ்வூர் மக்கள் செங்கற்பட்டு ஆட்சியரிடம் சென்று முறையிட்டார்கள். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலமாகவே வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலில் பயிர் செழிப்பதை அவ்வுழவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தார்கள். எந்தப் பறவை எப்போது வரும், எம்மரத்தில் கூடு கட்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள். அறிந்ததனாலேயே காத்தார்கள். 2022-இல் வேடந்தாங்கல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அப்பெருமைக்கு அடித்தளம் இட்டவர்கள் எளிய கிராமத்தாரே.

அவ்வறிவை உழவர்கள் வயலில் நின்றே பெற்றார்கள். வயலிலிருந்து பிரிந்துவிட்ட நம் பிள்ளைகள் அதை எங்கே பெறுவது? திறந்தவெளி இயற்கை வகுப்புகளும், வழிகாட்டியுடன் செல்லும் பறவை நோக்கு நடைகளும் இக்குறையைத் தீர்க்க வல்லவை. சென்னையில் 1978-இல் தோன்றிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் இத்தகைய பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவைகள் கணக்கெடுப்பும் நடைபெற்று வருகிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால், பள்ளிச் சிறுவனும் அதில் பங்கு பெறலாம்.

ஏரிக்கரையில் கற்பதற்கு என்ன இருக்கிறது? அலகையே முதற் பாடமாகக் கொள்ளலாம். நத்தைக்குத்தி நாரையின் இரு அலகுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி காணப்படும். நத்தையைக் கையாள அமைந்த அலகு அது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இருபுறமும் துழாவி இரை தேடும். கூழைக்கடாவின் தாடைப்பை, மீனை வாரி எடுக்கும் வலை போன்றது. நீர்க்காகத்தின் சிறகு நீரில் நனைந்துவிடுவதால், மூழ்கி எழுந்த பின் அது சிறகை விரித்து வெயிலில் உலர்த்துகிறது.

இதைத் தொடர்ந்து வருவது இன்னும் முக்கியமான பாடம். கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் பிடிக்க ஆழமான நீருக்குச் செல்லும். நெடுங்கால் உள்ளானோ கணுக்கால் அளவு நீரில் நடந்து இரை தேடும்; சிறிய உள்ளான்களுக்குச் சேற்று விளிம்பே போதும். நம் கண்ணுக்குப் பயனற்ற சேறாகத் தோன்றும் அவ்விளிம்பில்தான் கட்டட இடிபாடுகளும் குப்பையும் முதலில் கொட்டப்படுகின்றன. நடுவில் நீர் நிறைந்திருப்பதால், ஏரி நலமாக உள்ளது என்றே வழிப்போக்கர் எண்ணுவார். உள்ளான்களை எண்ணிப் பழகிய சிறுமியோ, அவை குறைந்ததைக் கண்டதும் கேள்வி கேட்பாள். அந்தக் கேள்வியே ஏரிக்குக் காவல்.

இவ்வகுப்பை நடத்தப் பெருஞ்செலவு வேண்டா. நவம்பர் முதல் மார்ச் வரை, பருவமழை தந்த நீர் ஏரியில் இருக்கும். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளும் இங்கே தங்கும். சூரியன் எழுந்த பின் முதல் இரண்டு மணி நேரமே ஏற்ற வேளை. பன்னிருவருக்கு மேற்படாத குழு, ஐந்து சிறுவர்க்கு ஒரு பெரியவர், மங்கிய நிற உடை, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். பைனாகுலர் ஒன்று கிடைத்தால் முறை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். கூட்டை நெருங்குவதும், பறவையைப் பறக்கச் செய்து படம் எடுப்பதும் கூடா. பெயர் தெரியாவிடில் அலகு, கால், நிறம், எண்ணிக்கை, நாள் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு, அறிந்தவரிடம் பின்னர்க் கேட்கலாம். ஊரில் மீன் பிடிக்கும் முதியவரும் ஆடு மேய்க்கும் தாயும் நல்ல ஆசிரியர்களே, அவர்களையும் அழையுங்கள்.

இன்னும் ஒன்று. இவ்வட்டாரத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய பிள்ளைகள் வாடகை அறையைத் தவிர இவ்வூரில் வேறெதையும் தமதென எண்ண வாய்ப்பில்லாதவர்கள். அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் கொக்கு என்பதை அச்சிறுவன் பகுலா என்பான். ஒரே பறவையை இருவரும் காட்டிப் பெயர் பரிமாறும்போது, அந்த ஏரி அவனுக்கும் உரியதாகிறது.

மலைப்பொழிவிலே, வானத்துப் பறவைகளை உற்று நோக்குமாறு நம் ஆண்டவர் பணித்தார். கவலை கொள்ள வேண்டாம் என்ற ஆறுதலை மட்டும் நாம் நெஞ்சில் இருத்திக்கொண்டு, நோக்குங்கள் என்ற கட்டளையை மறந்துவிட்டோம். வரும் ஞாயிறு, திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், உங்கள் ஊர் ஏரிக்கரையில் பிள்ளைகளோடு கால் மணி நேரம் நில்லுங்கள். ஐந்து பறவைகளின் பெயரையாவது கற்று, அவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அடுத்த ஆண்டும் அதே கரையில் நின்று, அந்த ஐந்தும் வந்தனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.