மூன்றே மூன்று மாத்திரை

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் பத்து நாளைக்கு மருந்து கொடுத்திருப்பார். நாலாம் நாள் ஜுரம் விட்டதும், பாக்கி மாத்திரைகள் அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். "உடம்புதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு அந்தக் கசப்பு?" என்று நமக்கு நாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டுவிடுவோம். இந்தத் தீர்ப்புக்குக் கொஞ்சமும் கட்டுப்படாத ஒரு வியாதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். பெயரைக் கேட்டதும் பயந்துபோய், பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே!

இரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. அவற்றில் மெல்ல மெல்ல வளர்ந்து நீடிக்கிற ஒரு வகையை டாக்டர்கள் சுருக்கமாக 'சி.எம்.எல்.' என்கிறார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அங்கே ஓர் உயிரணுவில் நேரும் கோளாறினால் வெள்ளை அணுக்கள் கணக்கு வழக்கில்லாமல் பெருகத் தொடங்குகின்றன. காரணம் தெரியாத அசதி, உடம்பு இளைப்பது, இரவில் வேர்த்துக் கொட்டுவது, இடது விலாவின் கீழே மண்ணீரல் வீங்குவதால் நாலு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டாற் போன்ற உணர்ச்சி, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். பலருக்கு இவைகூட இருப்பதில்லை. வேறு எதற்கோ இரத்தப் பரிசோதனை செய்யும்போது அகப்பட்டுக்கொள்கிறது. மேல் நாடுகளில் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டி வருகிற இந்த நோய், நம் நாட்டில் முப்பது, நாற்பது வயதுகளிலேயே அதிகம் தென்படுகிறது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயது அது!

"இது தொத்து வியாதியா? பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வருமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இரண்டும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பரம்பரையாகவும் இறங்காது. கலியாணம் பேசும் இடங்களில் இதைக் காதில் போட்டு வைப்பது நல்லது.

இந்த நோயின் மர்மம் துலங்கிய கதை சுவையானது. 1960-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர், இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஏன் குட்டை என்பது பதின்மூன்று வருஷம் புரியவில்லை. 1973-ல் அதை விடுவித்தவர் ஒரு பெண்மணி. ஜேனட் ரௌலி என்று பெயர். நான்கு பிள்ளைகளுக்குத் தாயார். குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு ஆராய்வாராம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுவதாகக் குழந்தைகள் கேலி செய்வார்களாம்! ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டுவிட்டன என்று அந்த மேஜையில்தான் அவர் கண்டுபிடித்தார்.

இப்படித் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் ஒரு புதிய புரதம் உண்டாகிறது. 'பெருகு, பெருகு' என்று அணுக்களுக்கு ஓயாமல் கட்டளை இடுவது அதுதான். அதன் வாயை அடைக்கும் 'இமாடினிப்' என்ற மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்னால், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொள்ள முடியாத பலருக்குச் சில வருஷங்களே கெடுவாக இருந்தன. இப்போதோ, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்கள் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுளுடன் வாழ்கிறார்கள்.

மாத்திரை வந்துவிட்டது, விலை? அதிலே நம் சென்னைக்கும் பங்கு உண்டு. இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், மேலும் வளர்ந்து, கடைசியில் 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தைப் பல மடங்கு குறைந்த விலைக்குத் தயாரிக்க வழி பிறந்தது.

இவ்வளவு பாடுபட்டு வீட்டு வாசலுக்கு வந்த மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வதுதானே பாக்கி? சங்கடமே அங்கேதான் இருக்கிறது.

லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2010-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்த மருந்தைச் சில வருஷங்களாகச் சாப்பிட்டு வந்த 87 பேரின் மாத்திரைப் புட்டிகளில், திறக்கும்போதெல்லாம் குறித்துக்கொள்ளும் மின்னணுக் கருவி ஒன்றைப் பொருத்தி, மூன்று மாதம் கவனித்தார்கள். சுமார் கால்வாசிப் பேர் பத்துக்கு ஒன்றோ, அதற்கு மேலோ மாத்திரைகளை விட்டிருந்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஆறு வருஷத்தில் நோய் நன்றாக ஒடுங்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களில் அது வெறும் இருபத்தெட்டு! பத்தில் ஒன்று என்றால் மாதத்துக்கு எத்தனை? மூன்றே மூன்று மாத்திரை.

ஏன் விடுகிறார்கள்? மறதியும் ஒரு காரணம்தான். ஆனால் வேண்டுமென்றே விடுகிறவர்களும் உண்டு. அவர்களை நாம் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. மருந்து படுத்தும் பாடு அப்படி.

காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். "ராத்திரியெல்லாம் அழுதாயா?" என்று மாமியார் கேட்பார். வெளிறிய முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறம் கூடியிருக்கிறதே, என்ன பூசுகிறாய்?" என்று எதிர்வீட்டு மாமி விசாரிப்பாள். அதுவும் இந்த மருந்தின் வேலைதான். நடு ராத்திரியில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கும். குமட்டும். வயிறு இளகும். கணுக்கால் வீங்கும். நோய்க்கு முன்னால் இல்லாத தொல்லையெல்லாம் மருந்துக்குப் பின்னால் வந்தால், யாருக்குத்தான் சலிப்பு வராது? 'நாளைக்கு விசேஷம், வீடு நிறைய ஜனம்; ஒரு நாள் விட்டால் என்ன?' என்று மனசு சொல்லும். இரண்டு நாள் விட்டால் உடம்பு இலேசாகக்கூட இருக்கும். கொல்லைக் குழாயை விரலால் அடைத்துப் பிடித்திருப்பதைப் போலத்தான் இந்த மருந்து. விரல் வலிக்கிறது என்று எடுத்தால் சுகமாகத்தான் இருக்கும். தண்ணீர் பாய்வது உடனே தெரியாது.

கை வலிக்கும்போது வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் நம் பெண்களுக்கு வருவதில்லை. டாக்டரிடம் போய், "எல்லாம் சௌக்கியம்தான்" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் இரகசியமாக மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறார்கள். டாக்டர் என்ன நினைப்பார்? மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணுவார். விட்ட கணக்கு நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

சொன்னால் வழி இருக்கிறது. இமாடினிப்பை வெறும் வயிற்றில் போடக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் உட்கார்ந்திருந்தால் குமட்டல் பெரும்பாலும் மட்டுப்படும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை ஒரு வாய் போட்டுக்கொள்ளும் இல்லத்தரசிக்கு இது முக்கியம். ஏகாதசி, கிருத்திகை விரதம் இருக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் யோசனை கேட்டுக்கொள்ளவேண்டும். வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கலாம். ஊறுகாய், அப்பளம், வடகத்துக்கு விடை கொடுக்கலாம். தலையணையைச் சற்று உயர்த்தி வைத்துப் படுக்கலாம். சதைப் பிடிப்புக்கு இரத்தத்தில் உப்புச் சத்துக்கள் குறைந்திருக்கின்றனவா என்று டாக்டர் பார்ப்பார். திடீரென்று எடை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஜுரம் அடித்தாலோ, உடம்பில் காயமில்லாமல் இரத்தக் கசிவு கண்டாலோ, அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம், உடனே போகவேண்டும்.

இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் 2006-க்குப் பிறகு வந்த வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். சாப்பாட்டோடு போடவேண்டியது ஒன்று, வெறும் வயிற்றில் போடவேண்டியது இன்னொன்று. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வதும் தவறு. நாட்டு மருந்தோ, கடையில் வாங்கிய வலி மாத்திரையோ சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரைக் கேளாமல் செய்யாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம் பெண்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். அதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. முன்னதாகவே டாக்டருடன் பேசித் திட்டமிட்டால் வழி வகுத்துக் கொடுப்பார்.

"ஆயுள் முழுவதுமா?" என்று கேட்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'பி.சி.ஆர்.' என்ற இரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு தெரியும். பல வருஷம் அது மிக ஆழமாக ஒடுங்கியிருந்தால், சிலருக்கு டாக்டர்களே மருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். அப்படி நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அடிக்கடி பரிசோதித்து வருவதால் உடனே கண்டு, மருந்தைத் தொடங்கி, மறுபடியும் அடக்கிவிடுகிறார்கள். பார்த்து நிறுத்துவதற்கும் ஒளித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கடைசியாக, நோயாளியைவிட அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "மாத்திரை போட்டாயா?" என்று போலீஸ்காரரைப் போலக் கேட்டால், "போட்டேன்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி கால் இழுத்ததா? இன்றைக்குக் குமட்டல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை வரும். அந்த உண்மையை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். முக்கியமாக, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். பரிமாறும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.