கன்று முட்டினால்தான் பால்

நாட்டு மாடு பெரும்பாலும் கன்று முட்டாமல் பால் சுரக்காது. கலப்பின மாட்டுக்கு அந்தப் பிடிவாதம் குறைவு. கன்றைச் சீக்கிரமே பிரித்துவிட்டாலும் கறக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் எது நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரைக் காடுகளில் மேய்ந்து உழவுக்கும் வண்டிக்கும் பேர்பெற்ற ஆலம்பாடி என்ற நாட்டு மாட்டைக் காப்பாற்ற, காரிமங்கலம் பக்கம் ஆராய்ச்சி மையமே வைக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கோ கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பதைக் கேட்கும்போது பிள்ளைகள் ஞாபகம்தான் வருகிறது. அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டியோடும் மாட்டோடும் வளர்கிற பிள்ளைகள் தருமபுரி மாவட்டத்தில் ஏராளம். பேரனைக் கரித்துக்கொட்டும் அதே பாட்டி, கட்டுத்தறிக்குப் போனதும் ‘வாடி கண்ணு’ என்று குழைவார். பையன் அதைக் கேட்டுக்கொண்டுதான் தண்ணி காட்டுகிறான். மாடு அசை போடவில்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பதும் அவன்தான். பொறுப்பு என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். (நகரத்தில் அதற்குக் கோடை முகாம் நடத்துகிறார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு.) அதற்காக, மேய்க்க ஆளில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைப்பதை எந்த வறுமையின் பேரிலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வெளியூரில் இருக்கும் அப்பாக்களுக்கு ஒன்று: ராத்திரி போன் போட்டதும் மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று ஆரம்பிக்காதீர்கள், பையன் சாப்பிட்டானா என்று முதலில் கேளுங்கள்.