தொழிற் குறிப்பு: ஹோஸ் சுருள் வாங்குவோர்க்கு

லோத்குண்டாவில் வாழும் நம்மவருள் சிலர், வேனில் நீர்த்தொட்டியும் பம்பும் அமைத்துச் சாளரக் கண்ணாடி துப்புரவு செய்யும் தொழிலில் இறங்க எண்ணியிருப்பதாக அறிகிறோம். கடன் வாங்கித் தொடங்கும் தொழிலாதலின் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

கடைக்காரர் பெரிய ஹோஸையே புகழ்வார். நாம் அவ்வாறு கருதவில்லை. 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் 100 மீட்டரில் 11 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். 6 மில்லிமீட்டர் ஹோஸோ 3 லிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும். நாள் முழுதும் இழுப்பவரின் தோள் இவ்வேற்றுமையை நன்கறியும். நீண்ட கழியில் பொருத்திய தூரிகைக்குச் சிறியதே போதும்.

ரீலை வேனின் தளத்தில் போல்ட்டு கொண்டு முடுக்குக. சும்மா வைத்த ரீல், திடீரென பிரேக் போட்டால் ஓட்டுநரின் முதுகை நாடி வரும்! சுற்றுமுன் பம்பை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றுக.

சென்ற கோடையில் நம் தெருவில், நடைபாதையின் குறுக்கே கிடந்த ஹோஸில் கால் இடறி மூதாட்டி ஒருவர் வீழ்ந்தார், மணிக்கட்டு முறிந்தது. வேலைக்கு வந்த இளைஞன் அன்றைய கூலியோடு நல்ல பெயரையும் இழந்தான். ஆகவே ஹோஸைச் சுவரோரமாகவே இடுக; குறுக்கே செல்ல நேரின் ஓர் ஆளைக் காவல் நிறுத்துக. வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் நீர் கையைச் சுடும். அதைக் கீழே விட்டபின் தொடங்குக.

நீரைப் பற்றியும் ஒன்று. 2015இல் கோதாவரி நீர் மாநகருக்கு வந்துவிட்டபோதிலும், பல வீடுகளில் ஆழ்துளைக் கிணறு ஓயவில்லை. அந்நீரின் உப்பு கண்ணாடியில் வெண்புள்ளியாய்ப் படியும். உப்பு நீக்கிய நீரையே தொட்டியில் நிரப்புக. இல்லையேல் மறுநாளே வீட்டுக்காரர் அழைப்பார், கூலி கொடுப்பதற்கன்று.