கோதுமை மா வராத நாள்



அமெரிக்கக் கண்டத்தின் நடுவே நிக்கராகுவா என்றொரு நாடு இருக்கின்றது. அந்நாட்டுப் பெண்கள் என்ன சமைக்கின்றார்கள் என்பது பதுளையிலும் பசறையிலும் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள். பேச்சு நமது அடுப்படிக்கே வந்து சேரும்.

அவர்களுடைய பிரதான உணவு சோளம். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் நன்றாகக் கழுவி அரைக்கின்றனர். அந்த மாவைத் தட்டிச் சுட்டால் ரொட்டி. உள்ளே இறைச்சியும் காய்கறியும் வைத்து, வாழையிலையில் பொதிந்து, மணிக்கணக்கில் அவித்தால் 'நகதமால்'. (அவர்கள் பெரும்பாலும் வைப்பது பன்றியிறைச்சி, அது நமக்கு ஆகாது.) சோற்றையும் சிவப்பு அவரை விதையையும் வெங்காயத்தோடு பிரட்டி எடுப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் 'புள்ளிச் சேவல்'!

சுண்ணாம்பு எதற்கு என்கிறீர்களா? சோளத்தில் உள்ள ஒரு விட்டமின் சத்து, சுண்ணாம்பில் வேகாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஐரோப்பியர் அங்கிருந்து சோளத்தைக் கொண்டு சென்றார்கள். அந்தப் பெண்களின் பக்குவத்தைக் கொண்டு செல்லவில்லை. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலிக்கும் நோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. மருத்துவர்களுக்குக் காரணம் விளங்க இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. நாம் சோளத்தைப் பருப்பு, மீன், முட்டையோடு உண்பவர்கள். ஆகவே பயப்படத் தேவையில்லை.

அந்த நாட்டிலும் கோதுமை விளைச்சல் இல்லை. ஆயினும் பாண் பழகிவிட்டது. 1981 இல் அமெரிக்கா அரசியல் காரணத்துக்காகக் கோதுமைக் கடனை நிறுத்தியது. அந்த அரசு 'சோளம் நமது வேர்' என்று பிரசாரம் செய்து, ஊர் ஊராகச் சோளச் சமையல் விழா நடத்தியது. பாட்டிமாரின் கைப்பக்குவம் அழியாமல் இருந்தபடியால் அது முடிந்தது.

நமது மலையகத்தைப் பாருங்கள். லயத்து அடுப்பில் காலையில் கோதுமை ரொட்டி, கொழுந்து பறிக்கும் மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதே ரொட்டி, இரவிலும் பல வீடுகளில் அதுவே. இந்த மண்ணில் விளையாத தானியம் அது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் தட்டுப்பாடானபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். பக்கத்துக் கிராமத்தவருக்குப் பலா மரமும் சேனையும் இருந்தன. தோட்டத்தவருக்குத் தம்முடையதென்று ஒரு முழ நிலம் இல்லை. 2022 இல் மா விலை மீண்டும் பன்மடங்கு ஏறியபோதும் முதலில் அடிபட்டவை அதே அடுப்புகள்தாம். இதைச் சோம்பல் என்று பேசுவோரை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் வளவும் தோட்டமும் உள்ள நம் குடும்பங்களுக்கு என்ன சாக்கு? மொனராகலையிலும் மஹியங்கனையிலும் விளையும் சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீனிக்குப் போகின்றது. குரக்கனில் கோதுமை மாவைவிடப் பல மடங்கு கல்சியம் உண்டு. அதை நீரிழிவுக்காரரின் உணவென்று ஒதுக்கிவிட்டோம். மரவள்ளி வறுமைக் காலத்துக் கிழங்காம், விருந்தாளிக்கு முன் வைக்க வெட்கமாம்! நிக்கராகுவாவில் அதே மரவள்ளியை அவித்து, கோவாச் சம்பலோடு வாழையிலையில் வைத்துச் சந்தையில் விற்கின்றார்கள். (அவிக்கும்போது சட்டியை மூடாதீர்கள். கிழங்கிலுள்ள நஞ்சு ஆவியோடு வெளியேற வேண்டும். அவித்த நீரையும் கொட்டிவிடுங்கள்.)

பிள்ளைகள் சோள ரொட்டியை ஒரே நாளில் ஏற்கமாட்டார்கள். ஒரு பங்கு சோள மா, இரண்டு பங்கு கோதுமை மா, திருவிய தேங்காய், உப்பு, பொடியாக அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும். சோள மாவுக்குத் தானாக ஒட்டும் தன்மை கிடையாது. ஆகையால் அதனை முதலில் கொதிநீர் விட்டுக் கிளறி, ஆறியபின் மற்றதைச் சேர்த்துப் பிசையுங்கள். சற்றுத் தடிப்பாகவே தட்டுங்கள். மெல்லியதாகத் தட்டினால் உடையும். மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.