குழந்தைகளுக்குச் சென்ட்ரல் லைன் செலுத்துகையில் அல்ட்ராசவுண்டின் துணை: எம் சங்கத்தின் நிலைப்பாடு

கடும் நோயுற்ற குழந்தையின் இதயத்தை அடுத்த பெருஞ்சிரைக்குள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, மருந்தும் போஷாக்கும் அதன் வழியே அளிக்கும் சிகிச்சையில், அல்ட்ராசவுண்டு கருவியின் துணையை அவசியமென விதிக்க வேண்டுமா, அன்றி மருத்துவரின் இஷ்டத்துக்கே விட்டுவிடலாமா என்ற வினா எம் சங்கத்தின் முன் பன்முறை எழுந்திருக்கிறது. உயிருக்குப் போராடும் அவசர வேளை நீங்கலாக மற்ற எல்லாச் சந்தர்ப்பங்களிலும், ஊசி தோலைத் தொடும் முன்பிருந்து கைடு ஒயர் எனும் வழிகாட்டிக் கம்பி சிரைக்குள் கிடப்பது உறுதியாகும் வரை, திரையைப் பார்த்துக்கொண்டே இக்காரியம் நடைபெற வேண்டும் என்பது எமது தீர்மானமான அபிப்பிராயம்.

ஊசியின் வழியே கம்பியையும் கம்பியின் மேலாகக் குழாயையும் செலுத்தும் முறையை ஸ்வீடன் தேசத்து ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்டது முதல், மருத்துவர்கள் கழுத்துத் தசையின் விளிம்பையும், காறை எலும்பின் நிலையையும், விரல் நுனியில் துடிக்கும் தமனியையும் அடையாளமாகக் கொண்டு சிரையைத் தேடி வந்திருக்கின்றனர். அவ்வழியில் கைதேர்ந்த மூத்தவர்களின் திறமையை நாங்கள் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பெரியவர் கழுத்தில் பலிக்கும் கணக்கு சிசுவின் கழுத்தில் பலிப்பதில்லை. கழுத்தோ குட்டை, அடையாளங்களோ கொழுப்பு மடிப்புகளில் புதைந்து கிடக்கும், வெற்றிலைக் காம்பினும் சற்றே பருத்த உட்கழுத்துச் சிரை, பல குழந்தைகளிடம் தமனிக்குப் பக்கத்தில் இராமல் அதன் மேலேயே படிந்திருக்கும், குத்துபவரின் வசதிக்காகத் தலையை ஒரு புறம் மிகத் திருப்பினால் அப்படிவு இன்னும் கூடும். முதற்குத்து தவறித் தமனியில் பட்டால், கசிந்து கட்டும் இரத்தம் சிரையை நசுக்கிவிடுவதால், இரண்டாம் முயற்சி முதலாவதைவிடக் கடினமாகிறது. மூன்றாவது அதனினும் கடினம். தமனியென்று அறியாமல், துளையை அகலப்படுத்தும் டைலேட்டரையும் உள்ளே தள்ளிவிட்டாலோ, அறுவை மருத்துவரை அழைக்கும் விபரீதம் நேரலாம்.

1999-இல் 'அனஸ்தீசியாலஜி' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்றில் 95 சிசுக்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, கருவியின் துணை பெற்ற பிரிவில் ஒருவர் பாக்கியின்றிக் குழாய் செலுத்த முடிந்தது; விரலால் தடவிப் பார்த்து முயன்ற பிரிவில் 77 சதவீதத்தினருக்கே முடிந்தது; அப்பிரிவில் நால்வருக்கு ஒருவர் வீதம் தமனியிலும் குத்துப்பட்டது. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2002-இல், அவசரமின்றி உட்கழுத்துச் சிரையில் குழாய் செலுத்துகையில் பெரியவர்க்கும் குழந்தைகளுக்கும் அல்ட்ராசவுண்டு முறையே விரும்பத்தக்கது எனப் பரிந்துரைத்தது. மறுப்பும் எழாமலில்லை: 2004-இல் பிரிட்டிஷ் மயக்கவியல் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, குழந்தைகளிடம் பழைய முறையே சற்று மேலாயிருக்கக் கண்டது. அதை மறைத்து வாதாடுவது நியாயமன்று. பழைய முறையில் ஊறிய கைகளில் புதிய கருவியைக் கொடுத்த மாத்திரத்தில் பலன் கிட்டிவிடாது என்பதற்கு அதை ஓர் எச்சரிக்கையாகவே நாங்கள் கொள்கிறோம்.

எச்சரிக்கை வீணன்று. தோலின் மேல் வைக்கும் புரோபைச் சற்று அழுத்திப் பிடித்தாலே சிசுவின் சிரை அமுங்கித் திரையிலிருந்து மறைந்துவிடும். இங்கே சிரையே இல்லை என்று புதியவர் திகைப்பார். (அவ்வாறு அமுங்குவதே சிரையைத் தமனியினின்று பிரித்தறிய உதவுகிறது என்பது வேறு விஷயம்.) குறுக்குவெட்டில் மின்னும் வெள்ளைப் புள்ளியை ஊசியின் முனையென எண்ணி மேலும் செலுத்துவோர் உண்டு, அது ஊசியின் நடுத்தண்டாயிருக்க, முனை அதற்குள் சிரையின் பின்சுவரையும் துளைத்துக் கடந்திருக்கும். புரோபை நகர்த்தி முனையைப் பின்தொடரும் பழக்கத்தை ஜெலட்டின் மாதிரிகளில் பெற்று, பின்னர் மூத்தவர் அருகிலிருக்கச் செய்து தேர்ந்தாலன்றி எவரையும் தனியே இப்பணிக்கு விடலாகாது. முன்கூட்டி ஸ்கேன் பார்த்துத் தோலில் மையால் குறியிட்டு, கருவியை ஒதுக்கி வைத்துவிட்டுக் குத்தும் வழக்கத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. குழந்தையின் தலை சற்றே திரும்பினாலும் அக்குறி பொய்த்துவிடும். புரோபுக்குக் கிருமி நீக்கிய உறையும் ஜெல்லும், குழாய் முனையின் இடத்தை அறிய எக்ஸ்ரேயும் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

நம் நாட்டுக்கே உரிய இடையூறு ஒன்றும் உண்டு. கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்டு கருவியும் அது இயங்கும் இடமும் பதிவுக்கு உட்பட்டவை. பெண் சிசுவைக் காக்கப் பிறந்த அச்சட்டத்தை நாங்கள் பூரணமாக ஆதரிக்கிறோம். ஆனால் பதிவேடுகளுக்கு அஞ்சிக் கருவியை ஸ்கேன் அறையிலேயே பூட்டி வைப்பதும், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென ஒன்று வாங்கத் தயங்குவதும், சட்டத்தின் நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாத செயல்கள். உரிய பதிவுடன், சிறு புரோபோடு கூடிய கருவியொன்று இரவும் பகலும் அப்பிரிவிலேயே கிடைக்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும். அதற்கான பதிவை அதிகாரிகள் காலதாமதமின்றி வழங்குதல் வேண்டும்.

இரத்த ஓட்டம் தளர்ந்து குழந்தை மரணத் தறுவாயிலிருக்கையில் கருவிக்காகக் காத்திராமல், கீழ்க்கால் எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி செலுத்தி மருந்தைத் தொடங்குவதே முறை. ஆதலின் அடையாள முறையையும் எலும்பூசி முறையையும் பயிற்சியிலிருந்து நீக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: திட்டமிட்டுச் செய்யும் வேளையில், “ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா, டாக்டர்?” என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு, கேளுங்கள், அவசரத்தில் அது இன்றியே செய்ய நேர்ந்திருந்தால், அதை அசட்டையென்று கருதிவிடாதீர்கள்.