சிறு கட்சியும் சுயபுத்தியும்

கட்சிகளின் பெருமையை வோட்டுத் தொகையைக் கொண்டே அளப்பது உலக வழக்கமாகிவிட்டது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கிரீஸ் தேசத்தில் ‘உள்நாட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சி’ என்று வழங்கிய ஸ்தாபனம் பிரஸ்தாபத்துக்கே தகுதியற்றதாகும். 1981ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் நூற்றுக்கு ஒன்றரை வோட்டுக்கூட அதற்குக் கிடைக்கவில்லை. பார்லிமெண்டில் ஒரு ஸ்தானமும் இல்லை. ஆயினும், அரசியல் ஊழியத்தில் ஈடுபட்டோர் யாவரும் அதன் சரித்திரத்தை அறிந்திருத்தல் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

அதன் பெயரே அதன் பிறப்பைக் கூறும். 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிரேக்கக் கம்யூனிஸ்டுகள் தோல்வியுற்றனர். 1947இலேயே அவர்களுடைய கட்சி சட்டவிரோதமாக்கப்பட்டிருந்தது. தலைவர்களும், பல்லாயிரம் தொண்டர்களும் ருஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அடைக்கலம் புகுந்தனர். தாயகத்தில் எஞ்சியவர்களில் பலர் சிறையிலும் தீவாந்தரக் காவலிலும் வாடினர். கஷ்டம் இங்கே, கட்டளை அங்கே என்னும் நிலைமை இருபது வருஷம் நீடித்தது.

1967 ஏப்ரல் 21ஆம் தேதி ராணுவ அதிகாரிகள் சர்க்காரைக் கைப்பற்றினர். அந்தப் பேரிடி விழுமென்பதை முன்னுணர்ந்து கட்சியை ஆயத்தப்படுத்தாத தலைவர்கள், தூர தேசத்திலிருந்து வழிகாட்டத் தகுந்தவர்களா என்ற கேள்வி எழாமலிருக்குமா? 1968 பிப்ரவரியில் புடாபெஸ்ட் நகரில் கூடிய மத்தியக் கமிட்டியில் பிளவு நேர்ந்தது. உள்நாட்டில் வேலை செய்தவர்களின் பக்கம் நின்றோர் தனிக் கட்சியாயினர்.

சில மாதங்களிலேயே சோதனையும் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ருஷ்யப் படைகள் செக்கோஸ்லோவேகியாவுக்குள் புகுந்தன. பழைய கட்சி அதனை ஆதரித்தது. புதிய கட்சி கண்டித்தது. தம் நாட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்துக்கொண்டு, அயல் நாட்டில் ராணுவப் பிரவேசத்தை ஆமோதிக்க அவர்கள் மனம் இடங்கொடுக்கவில்லை.

பல கட்சிகள், சுதந்திரமான தேர்தல், பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் ஆகியவற்றோடு கூடியதே பொதுவுடைமை என்றும், எந்த நாட்டுக் கட்சியும் மாஸ்கோவின் கிளைக் கச்சேரியன்று என்றும் அவர்கள் வாதித்தனர். இத்தாலியக் கம்யூனிஸ்டுகளின் மார்க்கமும் இதுவே. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் கிரீஸ் சேர்வதையும் ஆதரித்தனர். சர்வாதிகாரத்தின் சிறையைக் கண்ட லியோனிதாஸ் கிர்கோஸ் 1981இல் ஐரோப்பியப் பார்லிமெண்டுக்கு அவர்கள் சார்பில் தெரிந்தெடுக்கப்பட்டார்.

எதிர்வாதத்தையும் கேட்பதே நியாயம். உலக இயக்கத்துக்குக் கட்டுப்பாடு வேண்டாமா, வல்லரசின் துணையில்லாமல் சிறு தேசத்து ஏழைகள் என்ன சாதிக்க முடியும் என்று பழைய கட்சியார் கேட்டனர். 1977 தேர்தலில் ஜனங்கள் அவர்களுக்கு நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் வோட்டளித்தனர். உள்நாட்டுக் கட்சி சேர்ந்திருந்த கூட்டணிக்கு மூன்றுகூடக் கிடைக்கவில்லை. படித்தவர்களின் மதிப்பைப் பெற்ற கட்சி, தொழிலாளரின் நம்பிக்கையைப் பெரும்பாலும் பெறவில்லை. இக்குறையை மறைப்பதில் பயனில்லை.

1987இல் அக்கட்சி இரண்டாய்ப் பிரிந்து மறைந்தது. இரு கிளைகளின் வாரிசுகளும் 2004இல் சிரிஸா என்னும் கூட்டணியில் கூடினர். 2015 ஜனவரியில் அந்தச் சிரிஸாவே நூற்றுக்கு முப்பத்தாறு வோட்டுப் பெற்று சர்க்கார் அமைத்தது. ஆனால், கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று ஜூலை 5ஆம் தேதி ஜனங்களைக் கேட்டபோது, நூற்றுக்கு அறுபத்தொருவர் மறுத்தும், சில தினங்களுக்குள் கடுமையான நிபந்தனைகளுக்கு அதே சர்க்கார் இணங்கிற்று. அன்று மாஸ்கோவின் கட்டளையை மறுக்கத் தைரியம் கொண்டோரின் வழித்தோன்றல்கள், கஜானா வறண்டபோது ஐரோப்பாவின் கட்டளையை மறுக்க இயலாதவராயினர்.

இதனால் முன்னோரின் பெருமை குறையாது. தம் தேசத்தின் காரியத்தைத் தம் புத்தியைக் கொண்டே தீர்மானிக்க வேண்டுமென்று அவர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்துகொண்டு உறுதி செய்தனர். அந்த உரிமையை ஒரு தலைமுறை சம்பாதித்து மறு தலைமுறைக்குச் சாஸனம் எழுதிவைக்க முடியாது. எஜமானன் மாறுந்தோறும் அதனை மீண்டும் வாதாடிப் பெறவேண்டியிருக்கிறது. தொண்டர்கள் இதை மறவாதிருப்பார்களாக!